உன் பெட்டியின் மேல் அவன் கால்

ரூபி,

கடிதத்தின் தலையில் வழக்கமாக எழுதும் ஸ்தோத்திர வரியை இந்த முறை எழுதவில்லை. பேனாவை எடுத்ததும் கை தானாக எழுதப் பார்த்தது, நிறுத்திவிட்டேன். மேலே கர்த்தருடைய பெயரை வைத்துவிட்டுக் கீழே திட்டி எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. போன வாரம் பெங்களூரிலிருந்து வந்த உன் சின்னம்மா, பையைக் கீழே வைப்பதற்கு முன்பே, "அக்கா, அம்மாவுக்குக் கோவம் போச்சான்னு ரூபி கேட்டுக்கினு வரச் சொல்லுச்சு" என்றாள். போகவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் ஆறப்போட்டு எழுது என்று உன் அப்பா சொல்கிறார். அவர் எதையும் ஆறப்போட்டே ஆயுசைக் கழித்தவர். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. இதை அங்கே எல்லாரும் சேர்ந்து படிப்பீர்கள் என்று தெரியும். படிக்கட்டும். உன் சித்தப்பாவும் படிக்கட்டும், பக்கத்து வீட்டுக்காரியும் படிக்கட்டும். ஒளித்து எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ கிட்டார் வாசித்ததற்காக நான் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீயும் அங்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறாயோ என்னவோ. நம் வீட்டு முன்னறையில் ஒரு மூலையில் உன் அப்பா ரேடியோ ரிப்பேர் பார்ப்பார், எதிர் மூலையில் நான் ரவிக்கை தைப்பேன். நடுவில் நீ சர்ச்சில் ஓய்வுநாள் பள்ளிக்கு வாசிக்கக் கொடுத்திருந்த பழைய கிட்டாரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். அதற்கு மின்சாரம் கொடுக்க வேண்டும் என்று நீ அடம் பிடித்தபோது யார் உதவி செய்தது? கிட்டார் கம்பிகளின் அதிர்வைப் பிடிக்க, தலைமயிரைவிட மெல்லிய செம்புக் கம்பியைக் காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கில் சுற்ற வேண்டும் என்று உன் அப்பா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். என் தையல் மிஷினில் பாபினுக்கு நூல் சுற்றும் சக்கரம் இருக்கிறதே, அதில் மாட்டி, நான் காலால் மிதித்து, நீ கம்பியை விரலால் பிடித்துக்கொடுக்க, அறுந்து அறுந்து கடைசியில் ஒருவழியாகச் சுற்றி முடித்தோம். அன்றைக்குத் தைத்துத் தர வேண்டிய ரவிக்கைகள் அப்படியே கிடந்தன. ஒருத்தி வந்து வாசலில் நின்று கத்திவிட்டுப் போனாள். நான் சிரித்துக்கொண்டேன்.

காந்தத்தை மாட்டி, அப்பாவின் மைக்செட் ஆம்ப்ளிஃபயரில் இணைத்து நீ முதல்முதலாக ஒரு கம்பியைத் தட்டியபோது எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. வெண்கலத் தட்டில் குன்றிமணி விழுந்த மாதிரி, விழுந்ததும் ஓய்ந்துவிடும் சத்தம். ஆனால் உன் முகம் வாடிவிட்டது. "சீக்கிரம் செத்துப்போவுதும்மா. பாடறவங்க ஒரு எழுத்தை இழுக்கறாங்க இல்ல, அப்படி இது இழுக்க மாட்டேங்குது" என்றாய். உயிர் போகிற மாதிரி சொன்னாய். அதற்கப்புறம் வந்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தையிலிருந்துதான் வந்தது என்று எனக்குத் தெரியும், உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ.

செத்துப்போன டிரான்சிஸ்டர் ரேடியோக்களைப் பிரித்து, அவற்றில் உயிரோடு இருந்த இரண்டு டிரான்சிஸ்டர்களை எடுத்து, ஒரு சின்னச் சதுர பேட்டரியோடு சோப்பு டப்பாவில் வைத்து நீ ஒரு பெட்டி செய்தாய். மாட்டிக் கம்பியைத் தொட்டால், கிட்டாருக்குள்ளிருந்து ஒரு ஆள் மாநிலச் செய்திகள் வாசித்தான்! நானும் அப்பாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம், நீ அழுதாய். பிளாஸ்டிக் டப்பா காற்றில் போகிற ரேடியோ அலையை எல்லாம் உள்ளே விட்டுவிடும், சுற்றிலும் உலோகம் வேண்டும் என்றார் அப்பா. நீ பள்ளிக்கூடத்துக்குச் சோறு கட்டிக்கொண்டு போன அலுமினிய டிபன் பாக்ஸைத் தேடி எடுத்துத் தந்தது நான். மூடியில் ஓட்டை போட்டு, காலால் அமுக்கும் பித்தானை அதில் பொருத்தினாய். மறுபடியும் தட்டினாய். இந்த முறை சத்தம் வந்தது பார், நான் ஊசியை விரலில் குத்திக்கொண்டேன். ஒரே கம்பி, ஒரே தட்டு. முரட்டுத் துணியைக் கிழிக்கிற மாதிரி ஆரம்பித்து, சங்கு ஊதுகிற மாதிரி நின்று, நீ விரலை எடுக்கிற வரைக்கும் நின்றது. தேய்வு கிடையாது, ஓய்வு கிடையாது.

எனக்கு அது என்னவென்று புரியவில்லை. உன் அப்பா என் துணிச் சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, வெட்டுவதற்கு விரித்து வைத்திருந்த துணியிலேயே மேடும் பள்ளமுமாகக் கோடு போட்டுக் காட்டினார். "சத்தம் இப்படி அலையா போவுது. போவப் போவ அலை சின்னதாயிடும். ஒம்பொண்ணோட பொட்டி இன்னா பண்ணுது, எல்லா அலையையும் கண்டமேனிக்குப் பெருசாக்கிட்டு, மேலயும் கீழயும் கத்திரிக்கோல் வெச்ச மாதிரி தலையை வெட்டிடுது. சின்ன அலையும் பெரிய அலையும் ஒரே உசரம் ஆயிடுதில்ல? அதான் கம்பி அடங்கற வரைக்கும் சத்தம் அடங்க மாட்டேங்குது" என்றார். துணியைப் பாழாக்கினதற்குத் திட்டினேனே தவிர, விஷயம் புரிந்துவிட்டது. நீ அதைப் பழகப் பழக நானும் பழகினேன். அந்தப் பெட்டியை மிதித்துவிட்டு நாலைந்து கம்பியைச் சேர்த்து அடித்தால் சேற்றில் எருமை புரளுகிற சத்தம்தான் வரும். ஒவ்வொரு கம்பியாகத்தான் பேச வைக்க வேண்டும். வெயில் ஏறினால் அந்தப் பழைய டிரான்சிஸ்டர்கள் சூடாகித் தும்ம ஆரம்பித்துவிடும். அதனால் சித்திரை மாதத்தில் டிபன் பாக்ஸைத் தண்ணீர்ப் பானையை ஒட்டி வைத்திருப்பாய். சோறும் இல்லாத குழம்பும் இல்லாத டிபன் பாக்ஸ் ஏன் அங்கே இருக்கிறது என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள்.

இரண்டாவது பெட்டியும் நம் வீட்டில்தான் பிறந்தது. சர்ச்சில் எலி கடித்து மூலையில் போட்டிருந்த கால் ஆர்மோனியத்தின் மிதிபலகை ஒன்றைப் பாதிரியார் வீட்டு ஐயரம்மாவிடம் கேட்டு வாங்கி வந்தாய். கால் பெருவிரலை அமுக்கினால் சத்தத்தில் கீச்சுப் பக்கம் தூக்க வேண்டும், குதிகாலை அமுக்கினால் கனத்த பக்கம் தூக்க வேண்டும், நடுவில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்றாய். ரேடியோவில் ஸ்டேஷன் முள்ளை நகர்த்தும் நூல் இருக்கிறதே, அதே மாதிரி ஒரு நூலால் பலகை ஏறி இறங்கும்போது உள்ளே ஒரு குமிழ் திரும்பும்படி அப்பா கட்டிக் கொடுத்தார். அந்த நூல் உன் கால் வேகத்துக்குத் தாங்காமல் அறுந்துகொண்டே இருந்தது. நான் தையல் நூலை மூன்று புரியாக முறுக்கி, மெழுகு தடவிக் கொடுத்தேன். அதற்கப்புறம் அறுந்ததே இல்லை. நீ மிதித்தாய். கிட்டாருக்கு வாய் முளைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு முனகி, மெல்லத் திறந்து, "வா… வா…" என்று கூப்பிட்டது. சத்தம் அதேதான், வாய் திறக்கிற அளவுதான் மாறுகிறது என்று நீ சொன்னாய். நான் அன்றைக்கு உன்னைக் கட்டிக்கொண்டேன். ஞாபகம் இருக்கிறதா? இருந்தால் நல்லது, ஏனென்றால் இனிமேல் எழுதப்போவது எதுவும் அவ்வளவு நன்றாக இருக்காது.

அக்கார்டியன் மாஸ்டர் தம்முடைய மெல்லிசைக் குழுவில் வாசிக்க உன்னைக் கேட்டு வீட்டுக்கு வந்தபோது, பெண்ணைத் தனியாக அனுப்ப மாட்டேன், அப்பாவோ நானோ கூட வருவோம் என்றேன். ஒத்துக்கொண்டார். பட்டுக்கடை முதலாளிகள் வீட்டுக் கல்யாணம், வாலாஜாபாத் ரைஸ் மில்காரர் வீட்டுக் காதுகுத்து, கோயில் திருவிழா என்று இரண்டு வருஷம் சுற்றினாய். புடவையைச் சற்றே தூக்கிச் செருகி, செருப்பைக் கழற்றிவிட்டு, மேடை நடுவில் நின்று வெறுங்காலால் பெட்டியை மிதிப்பாய். கொலுசுச் சத்தம் மைக்கில் கேட்கிறது என்று மாஸ்டர் சொன்னதும் கொலுசைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டுப் போனாய். ஜனங்கள் பாடுகிறவனை விட்டுவிட்டு உன் காலைப் பார்த்தார்கள். "அந்த அழுவுற பொட்டியை இன்னொரு தபா மெரிம்மா" என்று முன்வரிசையிலிருந்து கத்துவார்கள். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு எப்படி இருக்கும் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்: என் பெண் என்று எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருக்கும்.

பிறகுதான் மாஸ்டர் மெட்ராஸிலிருந்து பாபுவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவனிடம் வெளிநாட்டுக் கிட்டார் இருந்தது. விரல் நன்றாக ஓடும், பொய் சொல்லக் கூடாது. பெட்டி எதுவும் அவனிடம் இல்லை. உன் பெட்டிகளையே சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். நீயும் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தாய்.

தாமல் பக்கத்தில் ஒரு ஊரில் கல்யாண வரவேற்பு. பெரிய நிலக்காரர் வீடு. அப்பாவுக்குக் காய்ச்சல் என்பதால் நான் வந்திருந்தேன். மேடையில் நீ பெட்டிகளைக் கொண்டுபோய் வைத்து, ஒயர்களை இணைத்துவிட்டு, கீழே இறங்கி வந்து, "இன்னிக்கு பாபு முன்னாடி வாசிக்கிறாரும்மா. நான் பின்னால ரிதம்" என்றாய். ஏன் என்று கேட்டேன். "சும்மாதான்" என்றாய். என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அப்போதே ஏதோ உறுத்தியது. நாற்காலி வரிசையில் போய் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் அந்த வீட்டுப் பெரியவர், யாரோ விருந்தாளியிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்த அழுவுற சத்தம் ஒண்ணு வாசிப்பாங்களே, அதுக்காவத்தான் இவங்களை வெச்சோம். ஆனா அந்தப் பொண்ணு எந்தத் தெருன்னு விசாரிச்சேன். நம்ம வூட்டு மேடையில நடுவுல நிக்க வாணாம், பின்னால எங்கியாவது இருந்துக்கட்டும்னு சொல்லிட்டேன்." எதிரில் இருந்தவர் தலையாட்டினார். என் காதுக்குள் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்டது, ரூபி. உன் பெட்டி வேண்டும். நீ ராப்பகலாகத் தேடிக் கண்டுபிடித்த சத்தம் வேண்டும். அதை மிதிக்க உன் கால் மட்டும் வேண்டாம்.

அப்போதும் நான் எழுந்திருக்கவில்லை. அதை நீ கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாட்டு ஆரம்பித்தது. பாபு உன் பெட்டியை மிதித்து வாசித்தான். சத்தம் வந்தது, ஆனால் அது பேசவில்லை. கம்பியைத் தட்டின பிறகுதான் கால் போயிற்று. உனக்குக் கால் முன்னாலேயே போயிருக்கும். நீ மேளக்காரருக்குப் பின்னால், உன் தலை மட்டும் தெரிகிற மாதிரி நின்று, டொய்ங் டொய்ங் என்று ரிதம் அடித்துக்கொண்டிருந்தாய். மேடையின் முன்னால் கண் கூசுகிற விளக்கு ஒன்று வைத்திருந்தார்கள். பாபு டிபன் பாக்ஸை நேராக அந்த விளக்குக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டிருந்தான். சூடு ஏறி, மூன்றாவது பாட்டில் பெட்டி தும்ம ஆரம்பித்தது. சத்தம் விட்டுவிட்டுக் கரகரத்தது. மாஸ்டர் திரும்பி உன்னைப் பார்த்தார். ஒரு பார்வைதான்.

நீ உன் கைக்குட்டையைத் தண்ணீர்ச் செம்பில் நனைத்துக்கொண்டு வந்தாய். பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் குனிந்து, முட்டி போட்டு, மேடையின் குறுக்கே நகர்ந்து வந்தாய். பாபுவின் கால் பெட்டியின் மேல் இருந்தது. அந்தக் காலைச் சுற்றிப் பெட்டியின் மேல் ஈரத்துணியைப் போர்த்தி, கையால் விசிறிக்கொண்டு, அத்தனை ஜனத்துக்கு முன்னால் அவன் காலடியில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தாய். யாரோ ஒருத்தன், "டேய், பாதபூஜை பண்ணுதுடா அந்தப் பொண்ணு" என்றான். கூட்டம் சிரித்தது. அந்தப் பெரியவரும் சிரித்தார். நீயும் சிரித்தாய். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர்கள் சிரித்தது அவர்கள் புத்தி. நீ ஏனடி சிரித்தாய்?

மேடைப் படி எங்கே இருந்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை, ஏறிவிட்டேன். பாபுவின் காலைத் தள்ளிவிட்டு, ஒயர்களைப் பிடுங்கி, டிபன் பாக்ஸையும் ஆர்மோனியப் பலகையையும் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டேன். ஸ்பீக்கர் 'டப்' என்று வெடித்துவிட்டு அடங்கிற்று. மாஸ்டர் அக்கார்டியனோடு ஓடி வந்தார்.

"யம்மா, இன்னா பண்றீங்க? நிகழ்ச்சி நடந்துக்கினு இருக்குது!"

"நடக்கட்டும் மாஸ்டர். எம்பொண்ணு சோறு துன்ன டிபன் பாக்ஸு இது. எடுத்துக்கினு போறேன்."

"அது ட்ரூப் சாமானும்மா."

"எந்தக் கடையில வாங்குனீங்க? சொல்லுங்க, திருப்பித் தரேன்."

"அவங்க வூட்டு மேடைம்மா. அவங்க கேக்கறதைத்தான் நாம செய்யணும். புரிஞ்சுக்கோங்க."

"எனக்கு நல்லாப் புரிஞ்சுதுங்க. அதான் எடுத்துக்கினு போறேன்."

உன்னைப் பார்த்து, "எழுந்திரு, வா" என்றேன். நீ எழுந்தாய். நனைந்த கைக்குட்டை கையில் இருந்தது. வரப்போகிறாய் என்று நினைத்தேன். நீ மறுபடியும் மேளக்காரருக்குப் பின்னால் போய், கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்றாய். நான் ஒயர் தரையில் இழுபடத் தனியாக நடந்து, பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தேன். பின்னால் பாட்டு மறுபடியும் ஆரம்பித்தது. பாபுவின் வெளிநாட்டுக் கிட்டார், பெட்டி இல்லாமல், குன்றிமணி மாதிரி விழுந்து விழுந்து ஓய்ந்தது.

மறுநாள் காலையில் நாம் சண்டை போட்டது தெருவுக்கே கேட்டது. அதனால் திருப்பி எழுதுவதில் தப்பில்லை. "என்னைக் கேக்காம எம்பொட்டியை எடுக்க நீ யாரு?" என்றாய்.

"அந்த வூட்டுப் பெரியவன் இன்னா சொன்னான் தெரியுமாடி உனக்கு? எந்தத் தெருன்னு கேட்டான்!"

"தெரியும்மா. மாஸ்டர் என்கிட்ட சொன்னாரு. தெரிஞ்சுதான் ஒத்துக்கினேன்."

"தெரிஞ்சா?"

"இந்த ஒரு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, அடுத்த மாசம் மெட்ராஸ்ல ரெக்கார்டிங்குக்கு உன்னைத்தான் கூட்டிக்கினு போறேன்னு சொன்னாரு. ரெக்கார்டிங்ல யாரும் மூஞ்சைப் பாக்க மாட்டாங்கம்மா. தெரு கேக்க மாட்டாங்க. சத்தம்தான் கேக்கும். அதுக்காவ நான் ஒரு நாள் பின்னால நின்னா இன்னா கொறைஞ்சிடும்? நீ கோவம் வந்திச்சு, தூக்கிக்கினு போயிட்டே. நான் பாட்டு முடியற வரைக்கும் அங்கியே நின்னேன். எல்லாரும் என்னையே பாத்துக்கினு இருந்தாங்க. அது எப்படி இருந்திச்சின்னு உனக்குத் தெரியுமா?"

கையில் கிடைத்த துணியை எடுத்து மிஷினில் வைத்து ஓட்டிக்கொண்டே இருந்தேன். நீ மூன்றாம் நாள் மாஸ்டர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தாய். அவர் கதவிலேயே நின்று பேசி அனுப்பிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வரவில்லை. சின்னம்மாவோடு பெங்களூருக்குப் போகிறேன், டைப்ரைட்டிங் படிக்கப்போகிறேன் என்று அப்பாவிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாய்.

இப்போது பதில் சொல்கிறேன். நீ அங்கே நின்றது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அது தைரியமா, பழகிப்போன அடக்கமா என்றும் தெரியாது. எத்தனையோ நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். ஆனால் இது தெரியும். முகம் தெரியாத இடத்துக்குப் போனால் தெரு கேட்க மாட்டார்கள் என்று நீ நம்பினாயே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நீ முகத்தை மறைத்துக்கொண்டு உள்ளே போகிற இடத்தில் உன் சத்தம் மட்டும் எத்தனை நாளைக்கு உன்னுடையதாக இருக்கும்? தாமலில் ஒரு சாயங்காலத்திலேயே அது பாபுவுடையது ஆகிவிட்டது. பெரியவரின் விருந்தாளிகள் அவனைத்தான் கைதட்டிப் பாராட்டினார்கள். மாஸ்டர் சொன்னபடி செய்திருப்பாரோ மாட்டாரோ. செய்திருந்தால் என் கோபத்தால் உனக்கு நஷ்டம்தான். இல்லை என்று சாதிக்க மாட்டேன். ஆனாலும் ஒன்றை மனதில் வைத்துக்கொள். நாளைக்கு டைப்ரைட்டிங் ஆபீசில் உட்கார்ந்தாலும், கல்யாணம் பண்ணிக்கொண்டு ஒருத்தன் வீட்டுக்குப் போனாலும், விட்டுக்கொடுக்க வேண்டியது எவ்வளவோ வரும். நேரத்தை விட்டுக்கொடு, தூக்கத்தை விட்டுக்கொடு, வாய்ச்சண்டையில் கூட விட்டுக்கொடு. உன்னை மட்டும் வேண்டாம், உன் கையில் விளைந்தது வேண்டும் என்கிறவனுக்கு ஈரத்துணி போடாதே. அங்கே சிரிக்கவும் சிரிக்காதே.

போன மாதம் பாபு வந்தான். சின்னம்மா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள், நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக நம் முன்னறைக்கு வந்து நின்றான். அப்பா வழக்கம்போல உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். நான் மிஷினை நிறுத்தவில்லை. மாஸ்டரின் குழுவை விட்டு வந்துவிட்டானாம். துறைமுகத்துப் பக்கம் தெரிந்தவர் மூலமாக வெளிநாட்டுக் கால்பெட்டி ஒன்று வாங்கினானாம். அதில் அந்தச் சத்தம் வரவில்லையாம். அதே மாதிரி ஒன்று செய்து தர முடியுமா என்று அப்பாவைக் கேட்டான். "நான் செய்யலப்பா, எம்பொண்ணு செஞ்சது" என்றார் அப்பா. அவன் என் பக்கம் திரும்பினான்.

"பொட்டி மட்டும் இல்லைங்கம்மா. நான் மிதிச்சா சத்தம் வருது. அவங்க மிதிச்சா வார்த்தை வருது. அதைத்தான் கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன்."

"அன்னிக்குத் தெரியலையா அது உனக்கு?"

அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "அவங்க துணி போட வந்தப்போ நான் காலை எடுத்திருக்கணும்மா. எடுக்கல. மிதிச்சுக்கினே நின்னேன்" என்றான்.

நான் மிஷினை நிறுத்தினேன். அவனை நன்றாகத் திட்ட வேண்டும் என்று எத்தனையோ வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன், பாதிதான் சொன்னேன். அதை என்னிடம் சொல்லி என்ன பயன், அவளிடம் சொல் என்றேன். உன் விலாசம் கேட்டான். கொடுக்கவில்லை. உன்னைக் கேட்காமல் உன்னுடையதை எடுத்துக் கொடுக்கிற வேலையை இனி நான் செய்வதாக இல்லை. அவன் விலாசத்தை வாங்கி வைத்திருக்கிறேன். வேண்டுமானால் கேள், அனுப்புகிறேன். வேண்டாம் என்றால் அடுப்பில் போடுகிறேன். எனக்கு இரண்டும் சம்மதம்தான். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் சம்மதம் இல்லை.

அதாவது, சின்னம்மா உன் கோபக் கேள்வியைக் கேட்டுவிட்டு, காபி குடித்து முடித்த பிறகு, மெல்லச் சொன்னாள்: "கிட்டாரையும் அந்தப் பொட்டிங்களையும் யாருக்காவது குடுத்திடச் சொல்லுச்சுக்கா. இனிமே வாசிக்கப் போறதில்லையாம்." அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அந்த மனுஷன் வெளியே போய் நின்றதை நீ பார்த்திருக்க வேண்டும். உன் சாமான், உன் இஷ்டம். அப்படியே அக்கம்பக்கத்தில் சொல்லியும் வைத்தேன். ஓரிக்கையிலிருந்து ஒருவர் வந்தார், தம் தங்கைக்கு வேண்டுமென்று. கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டிபன் பாக்ஸைக் கையில் எடுத்து, "இது இன்னாங்க?" என்றார். அப்பா விளக்கினார், அலை, தலை, கத்திரிக்கோல் என்று. அவருக்கு ஒன்றும் ஏறவில்லை. "அதெல்லாம் சரிங்க, யாராவது ஒரு தபா வாசிச்சுக் காட்டுங்க, கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். வாசிக்கத் தெரிந்தவள் பெங்களூரில் இருக்கிறாள் என்றேன். அவர் டிபன் பாக்ஸைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதனால் சொல்கிறேன். கொடுக்க வேண்டும் என்றால் நீ வா. வாங்க வருகிறவர்களுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, ஒரு பாட்டு முழுசாக வாசித்துக் காட்டு. முடித்த பிறகும் கொடுத்துவிடத்தான் தோன்றினால், நீயே உன் கையால் தூக்கிக் கொடு. நான் வாயைத் திறக்க மாட்டேன். நீ ஊரில் இல்லாமல், ஆள் சொல்லியனுப்பி, நான் எடுத்துக் கொடுப்பது நடக்காது.

வரும்போது பெங்களூரில் அந்தச் சின்னச் சதுர பேட்டரி இரண்டு வாங்கி வா. இங்கே கடைகளில் கிடைக்கவில்லை. டிபன் பாக்ஸில் இருந்தது தீர்ந்துபோய்விட்டது. எப்படித் தீர்ந்தது, யார் கால் மிதித்தது என்று வந்து என்னைக் கேட்காதே.

அம்மா